கட்டபொம்மன் படத்துள் வெள்ளையம்மாள்: ஏற்பும் மறுப்பும்

ஒரு படைப்பு எத்தகையது என ஆராய்தல் திறனாய்வின் ஒருபால். அப்படைப்பினைக் கண்டோரும் கேட்டோரும் எதனை ஏற்றனர், எதனை மறுத்தனர், யாது காரணத்தால் அவ்வாறு செய்தனர் என ஆராய்தல் அதன் மறுபால். பழைய இலக்கியங்களுக்கு இவ்விரண்டாம் பகுதியில் உரையாசிரியர்கள் நமக்குச் சான்றாக உளர். ஒரு செய்யுளுக்கு அவர்கள் கொண்ட பொருளே அச்செய்யுளை அக்காலத்தார் ஏற்ற வரலாறாகும். திரைப்படத்திற்கோ உரையாசிரியர் இலர். இதழ்களில் வரும் மதிப்புரைகளும், அரங்கில் திரண்ட மக்களின் உணர்ச்சியும், பின்னர் ஊர்தோறும் அப்படம் பேசப்படும் முறையுமே அதற்கு உரைகளாக நிற்பன. இவ்வுரைகள் தம்முள் முரணுமிடத்து எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்னும் வினா எழுகின்றது. 1959ஆம் ஆண்டில் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' என்னும் படத்தின் காதற்பகுதியை முன்வைத்து அவ்வினாவினை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இப்படத்தைப் போர்ப்படம் என்றும் விடுதலை உணர்ச்சியூட்டும் படம் என்றுமே பலரும் அறிவர். அஃது உண்மையே. ஆயினும் வெள்ளையத்தேவன், வெள்ளையம்மாள் என்னும் இருவரின் காதலும் மணமும் பிரிவும் இறப்பும் அப்படத்துள் ஒரு தனிக்கதையாகவே அமைந்துள்ளன. இக்கதை படத்திற்கு வேண்டாத ஒட்டு என்று கற்றோருள் ஒருசாரார் கருதினர். படத்தின் உயிரே இதில் உள்ளது என்பது போலக் கரிசல் நாட்டு மக்களுள் ஒரு பகுதியினர் இதனைப் போற்றினர். இவ்விரு கருத்துகளுள் எது பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1. படமும் அதன் நிலமும்

சக்தி கிருஷ்ணசாமி எழுதிய 'வீரபாண்டிய கட்டபொம்மன்' நாடகத்தைச் சிவாஜி நாடக மன்றத்தார் 1957ஆம் ஆண்டில் சேலத்தில் அரங்கேற்றினர். அந்நாடகத்தையே பி. ஆர். பந்துலு வண்ணப்படமாக ஆக்கினார். கட்டபொம்மன் வரலாற்றைப் பரப்புவதில் முன்னின்ற ம. பொ. சிவஞானத்தின் ஆய்வு அதற்குத் துணையாயிற்று. கட்டபொம்மனாகச் சிவாஜி கணேசனும், வெள்ளையத்தேவனாக ஜெமினி கணேசனும், வெள்ளையம்மாளாகப் பத்மினியும் நடித்தனர். ஜி. ராமநாதன் இசை அமைத்தார். 1959 மே 16ஆம் நாள் தமிழகத்தில் வெளிவந்த அப்படம் பெருவெற்றி பெற்றது. மறு ஆண்டில் கெய்ரோ நகரில் நடைபெற்ற ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜி கணேசன் சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுக்கப் பெற்றார். மருது சகோதரர் காலத்தைப் பொருளாகக் கொண்டு கண்ணதாசன் உருவாக்கிய 'சிவகங்கைச் சீமை'யும் அதே மே மாதத்தில் வெளிவந்தது. எனினும் கட்டபொம்மன் பெற்ற வரவேற்பினை அது பெறவில்லை. 2015ஆம் ஆண்டில் கட்டபொம்மன் படம் எண்முறையில் புதுக்கப்பெற்று மீண்டும் அரங்கேறியது.

இக்கதை நிகழ்ந்த நிலம் கோவில்பட்டிக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட கரிசற்காடு ஆகும். மானாவாரிப் பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் மண் அது. ஓட்டப்பிடாரத்தை அடுத்துப் பாஞ்சாலங்குறிச்சி உள்ளது. இன்று ஆயத்த ஆடைத் தொழிலால் பெயர் பெற்ற புதியம்புத்தூர் அதே வட்டத்தில் சில கல் தொலைவில் அமைந்துள்ளது. மேஜர் பானர்மன் தலைமையில் கும்பினிப் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கியது 1799 செப்டம்பர் 5ஆம் நாள். கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பெற்றது அதே ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள். 1801இல் ஊமைத்துரையின் எழுச்சியும் அடக்கப்பட்டபின் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. இன்று ஆங்குக் காணப்படும் கோட்டை 1974ஆம் ஆண்டில் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையே. எனவே சென்னையிலோ மதுரையிலோ இப்படத்தைக் கண்டோர்க்கு அது பழைய வரலாறு. இந்நிலத்தார்க்கோ அது தம் ஊர்க்கதை. ஏற்பில் தோன்றிய வேறுபாட்டிற்கு இதுவே முதற்காரணம் என்க.

2. மறுத்தோர் கூறிய இரு குறைகள்

படத்தைப் பற்றிய மதிப்புரைகள் நடிப்பையும் இசையையும் பாராட்டின. குறை கூறியவர்கள் பெரும்பாலும் வரலாற்றுப் பிழைகளையே சுட்டினர். அவர்கள் கூற்றில் உண்மை உண்டு. எடுத்துக்காட்டாக, 1798 செப்டம்பர் 10ஆம் நாள் இராமநாதபுரத்தில் கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சனைக் கண்ட நிகழ்ச்சி கைகலப்பில் முடிந்து, கிளார்க் என்னும் ஆங்கிலப் படைத்தலைவன் உயிரிழந்தான் என்பது வரலாறு. படத்தில் அது முதன்மையாக ஒரு சொற்போராக வளர்க்கப்பட்டுள்ளது. கும்பினியாரின் வரிக்கொள்கையும் நவாபின் கடனும் பாளையங்களின் உட்பகையும் கூடி விளைத்த வீழ்ச்சியினை, எட்டயபுரத்தார் ஒருவர் மீதே ஏற்றிக் காட்டியதும் குறையே. படத்தின் புகழால் எட்டப்பன் என்னும் பட்டப்பெயர் காட்டிக்கொடுத்தலுக்கு மறுபெயராய் நாடெங்கும் நிலைபெற்றுவிட்டது. இதற்கு நேர்மாறாகக் கட்டபொம்மனைக் கொள்ளைக்காரன் என்றே நிறுவ முயன்ற தமிழ்வாணனின் நூலும் உண்டு. இவ்விரு முனைகளுக்கும் இடையே நின்று உண்மை காண்பது வரலாற்றாசிரியர் கடன். அதனுள் யாம் புகவில்லை.

இரண்டாவது குறையே நம் ஆய்விற்குரியது. வீரம் செறிந்த கதையினுள் காதலைப் புகுத்தியது அரங்கிற்கு ஆள் சேர்க்கும் பொருட்டே என்றும், வெள்ளையம்மாள் இல்லாவிடினும் கதை குறைவுறாது என்றும் கூறுவோர் உளர். இக்கூற்று இரண்டு கருத்துகளை அடிப்படையாகக் கொண்டது. வீரமும் காதலும் தம்முள் ஒட்டாதன என்பது ஒன்று. ஆவணத்தில் இல்லாதது கதைக்குப் புறம்பானது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஆராய்ந்து கொள்ளத்தக்கன அல்ல என்பதே எம் துணிபு.

3. காதற்பகுதியின் அமைப்பு

வெள்ளையம்மாள் வளர்த்த காளையை அடக்குவதால் வெள்ளையத்தேவன் அவள் உள்ளத்தைப் பெறுகின்றான். பின் இருவரும் மணந்து இல்லறம் நடத்துகின்றனர். போர் மூளுகின்றது. முதல்நாள் இரவு அவள் தீய கனவு காண்கின்றாள். போர்க்களம் செல்லப் புறப்படும் கணவனைக் கனவினைக் கூறித் தடுக்கின்றாள். அவன் கேளாது சென்று களத்தில் வீழ்கின்றான். அவளும் களம் புகுந்து, அவனைக் கொன்றவனைக் கொன்று, கணவன் உடல்மீதே உயிர் நீக்கின்றாள்.

இந்நிகழ்ச்சிகளைத் தமிழ்ப் பொருளிலக்கணம் கற்ற ஒருவர் கண்டால் வியப்பு அடையார். காளையை அடக்கி மகளைப் பெறுதல் கலித்தொகையின் முல்லைக்கலியில் விரிவாகப் பாடப்பெற்ற ஏறுதழுவல். பிரியப் புகும் தலைவனைத் தடுத்தல் பாலைத்திணைக்குரிய செலவழுங்குவித்தல். கணவனோடு மனைவியும் உடன்முடிதல் காஞ்சித்திணையுள் மூதானந்தம் என்னும் துறை. முல்லையில் தோன்றிப் பாலையில் வளர்ந்து காஞ்சியில் முடியும் கதை இது. படத்தை ஆக்கியோர் இலக்கணத்தை எதிரே வைத்து இவ்வாறு அமைத்தனர் என்று யாம் கூறவில்லை. இந்நாட்டுக் கதைகள் நெடுங்காலமாக நடந்துவந்த வழி இதுவாதலின், கதை தானே இவ்வழியில் நடந்தது என்றே கூறுகின்றோம்.

தீய கனவும் அவ்வாறே. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தான் கண்ட கனவினைத் தேவந்திக்கு உரைக்கின்றாள். பின்னர்ப் பாண்டிமாதேவியும் தீக்கனாக் கண்டு மன்னனிடம் கூறுகின்றாள். இரண்டிடத்தும் கனவு நிகழப்போவதைத் தடுக்கவில்லை. கேட்போர் உள்ளத்தை அதற்கு ஆயத்தம் செய்கின்றது. வெள்ளையம்மாள் கனவின் பயனும் அதுவே. வெள்ளையத்தேவன் மீளான் என்பதை அவையோர் முன்னரே அறிந்துவிடுகின்றனர். ஆதலின் அவர்கள் உள்ளம் என்ன நிகழும் என்பதில் நில்லாது, அறிந்தும் போகின்றானே என்னும் இரக்கத்தில் நிற்கின்றது.

4. செலவழுங்கலும் போகாமையும்

இவ்விடத்தில் தொல்காப்பியர் கூறும் நுட்பம் ஒன்று நினைவுகூரத்தக்கது. பிரியக் கருதிய தலைவன் இடையே தயங்கி நின்றால் அது போகாமை அன்று, தலைவியை ஆற்றுவிக்கும் பொருட்டுச் சிறிது தாழ்த்தலே என்பது கற்பியலில் அவர் காட்டும் கருத்து. தடுப்பவளுக்கும் அது தெரியும். போவான் என்று அறிந்தே தடுக்கின்றாள். அவள் சொற்கள் அவனை நிறுத்துவதற்கு அல்ல, அவன் எதனை விட்டுச் செல்கின்றான் என்பதை அவனுக்கும் நமக்கும் உணர்த்துவதற்கே. விட்டுச் செல்லும் பொருளின் மதிப்பு அறியப்படாதவிடத்து, விட்டுச் சென்றவனின் வீரமும் அறியப்படாது. இதனால் வெள்ளையம்மாளின் தடை வீரத்திற்கு இடையூறு அன்று, அதற்கு அளவுகோல் என்பது பெறப்படும்.

பிற நாட்டு இலக்கியத்தும் இதற்கு ஒப்புண்டு. ஹோமரின் இலியத்தில், போர்க்களம் மீளப் புறப்படும் எக்டரை நகர வாயிலில் அவன் மனைவி அந்திரோமகி கைக்குழந்தையுடன் எதிர்ப்பட்டுத் தடுக்கின்றாள். அவன் அவளைத் தேற்றிவிட்டுச் செல்கின்றான். அவள் இல்லம் திரும்பியதும், அவன் உயிரோடு இருக்கும்போதே மகளிர் கூடி அவனுக்காக அழுகின்றனர். அப்பகுதியை ஒட்டு என்று தள்ளியோர் இலர். போர்க்காப்பியத்தின் நெஞ்சம் என்றே அதனைப் போற்றுவர். அந்திரோமகிக்கு அளித்த இடத்தை வெள்ளையம்மாளுக்கு மறுப்பது எவ்வாறு நேர்மையாகும்?

இதற்கு ஒரு தடை எழலாம். புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய மூதின் மகள், தந்தையையும் கணவனையும் போரில் இழந்தபின்னும் தன் ஒரே மகனைக் களத்திற்கு அனுப்பினாள். அவளன்றோ தமிழ் மறக்குடி மகளுக்கு எடுத்துக்காட்டு, தடுத்து அழுபவள் எவ்வாறு அந்நிலைக்கு உரியள் என்பர். இத்தடை வலியுடையதே. ஆயின் மூதின்முல்லை ஒரு துறை. தமிழ்ப் புறத்திணை முழுவதும் அதுவே அன்று. அனுப்பியவளைப் பாடிய மரபே கணவனை இழந்து களத்தில் கதறியவளையும் பாடியுள்ளது. ஒருத்தியைக் கொண்டு மற்றொருத்தியை இகழ்தல் அம்மரபை அறியாதார் செயல்.

5. ஆவணமும் பாட்டும்

இனி, ஆவணத்தில் இல்லாதது கதைக்குப் புறம்பானது என்னும் கருத்தினை நோக்குவோம். கும்பினியாரின் கடிதங்களும், அவற்றின் துணைகொண்டு கால்டுவெல் ஐயர் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாறும் வரியையும் முற்றுகையையும் தூக்குத்தண்டனையையும் நமக்கு அறிவிக்கின்றன. ஒரு வீரன் மனைவி முதல்நாள் இரவு கண்ட கனவினை எழுதிவைத்தல் கலெக்டர் அலுவலகத்தின் வேலை அன்று. அவ்வேலையைச் செய்தவர்கள் கதைப்பாடல் பாடியோரும் கூத்தாடியோரும் ஆவர். வெள்ளையம்மாளின் கனவும் அவள் கணவனைத் தடுக்கும் பகுதியும் அவர்கள் வழிவந்த செல்வம். படத்தில் அவள் பாடும் தடைப்பாட்டும் அந்நாட்டுப்பாடல் மரபினின்றே எடுக்கப்பெற்றது.

கட்டபொம்மு கதைப்பாடலை நா. வானமாமலை பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் ஆய்வுப்பதிப்பாக வெளியிட்டது 1970களின் தொடக்கத்திலேயாகும். படமோ அதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முற்பட்டது. கதைப்பாடலைக் கேட்டு வளராத நகரத்துத் திறனாய்வாளர் வெள்ளையம்மாளைத் திரைத்துறையாரின் கற்பனை எனக் கொண்டிருப்பின் அதில் வியப்பு இல்லை. கரிசல் நாட்டுப் பெண்டிர்க்கோ அவள் திரைக்கு வருமுன்பே அறிமுகமானவள். கற்றோர் அறியாத ஒன்றைக் கல்லாதார் அறிந்திருந்தனர் என்பதே இங்குப் பெறப்படும் உண்மை.

6. வட்டாரத்தார் ஏற்பு

படம் வெளிவந்தபின் அதன் உரையாடல்கள் இசைத்தட்டுகளாகி, கோயிற்கொடைகளிலும் திருமண வீடுகளிலும் ஒலிபெருக்கிகளில் முழங்கின. பள்ளி விழாக்களில் சிறுவர்கள் மீசை எழுதிக்கொண்டு ஜாக்சன் காட்சியை நடித்தனர். தமிழகம் முழுவதிலும் நிகழ்ந்த ஏற்பு இது. அஃது ஆடவர் நாவிலும் மேடையிலும் வாழ்ந்தது, கட்டபொம்மனின் புறத்தைப் போற்றியது. கெய்ரோவில் கிடைத்த பரிசும் அவ்வகையைச் சார்ந்ததே.

இதனின் வேறான ஏற்பு ஒன்றும் உண்டு. புதியம்புத்தூரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், படத்தை முதல் வெளியீட்டின்போதே கண்ட முதியோர் சிலரோடு யாம் உரையாடியுள்ளோம். ஆடவர்கள் படத்தைக் கூறத் தொடங்கும் இடம் ஜாக்சன் காட்சி. மூதாட்டியர் தொடங்கும் இடம் கனவு. அவர்கள் பத்மினி என்று கூறுவதில்லை. வெள்ளையம்மா என்றே, தம் வீட்டில் பிறந்து வாழ்ந்து கெட்டவளைக் கூறுவது போலக் கூறுகின்றனர். தடைப்பாட்டினைப் படத்தில் கேட்டனரா, அதற்கு முன்பே கூத்தில் கேட்டனரா என வினவினால் அவ்வேறுபாடு அவர்களுக்குப் பொருட்டாகத் தோன்றவில்லை. சிலரிடம் கேட்டதைக் கொண்டு பொதுவிதி வகுத்தல் ஆய்வுநெறி ஆகாது. எனினும் இவர்களின் ஏற்பில் ஒரு நெறி புலனாகின்றது. மழை பொய்த்த ஆண்டுகளில் பிழைப்புத் தேடிக் கணவன்மாரையும் மக்களையும் தொலைவிடங்களுக்கு அனுப்பிப் பழகிய நிலம் இது. புறப்படுபவனை வாயிலில் நின்று தடுக்கும் சொல்லும், தடுத்தும் அவன் போய்விடுதலும் அம்மூதாட்டியர் பட்டறிவில் உள்ளவை. அவர்கள் வெள்ளையம்மாளில் கண்டது 1799ஆம் ஆண்டினை மட்டும் அன்று.

மூதானந்தம் என்னும் துறைக்குத் தொல்காப்பியர் வகுத்த இயல்பினை இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். கணவனும் மனைவியும் உடன்முடிந்த நிலையினை, அவ்வழியே செல்வோர் கண்டு கூறுவதாக அமைவது அத்துறை. இறந்தார் இருவரும் பேசார். அவர்கள் பெருமையும் துயரும் வழிச்செல்வோர் வாய்மொழியாலேயே நிலைபெறும். அவையோர் இல்லையேல் அத்துறையே இல்லை. கரிசல் நாட்டு மூதாட்டியர் அவ்வழிச்செல்வோர் ஆவர். அவர்கள் கூற்றினை விடுத்து இப்படத்தின் காதற்பகுதியை மதிப்பிடுதல், துறையின் பாதியை மறைத்து மறுபாதிக்குப் பொருள் கூறுவதை ஒக்கும்.

7. காதற்பகுதியின் உண்மைக் குறைகள்

இவ்வாறு கூறியதனால் அப்பகுதி முழுவதும் குற்றமற்றது என்பது எம் கருத்தன்று. நிலவொளியில் காதலர் பாடும் இருவர்பாட்டு இனிய இசையுடையது. பி. பி. ஸ்ரீனிவாசும் பி. சுசீலாவும் அதனை நன்கு பாடியுள்ளனர். ஆயின் அது எப்படத்திலும் எக்காதலர்க்கும் பொருந்தும். பாஞ்சாலங்குறிச்சியின் மண்மணம் அதில் இல்லை. காதற்பகுதியை ஒட்டு என்றோர் இப்பாட்டினை மட்டும் சுட்டியிருப்பின் யாமும் உடன்படுவோம். தடைப்பாட்டினை அதனோடு ஒன்றாக எண்ணியதே அவர்கள் வழுவியது.

மற்றொரு குறை இதனினும் ஆழமானது. வெள்ளையம்மாளைக் களத்தில் பழிவாங்குபவளாகவும் காட்டுகின்றது படம். அரங்கில் அக்காட்சிக்கு ஆரவாரம் எழும். ஆனால் முதல்நாள் தடுத்து அழுதவளை மறுநாள் வாளேந்தியவளாக்கும்போது, அவள் அழுகை ஏதோ ஒரு குறை போலவும், அதனை நிறைவு செய்யப் பழிவாங்குதல் வேண்டும் போலவும் ஆகிவிடுகின்றது. மூதின் மகளை மட்டுமே அளவாகக் கொள்வோரின் தடைக்குப் படமே அஞ்சி விடையிறுத்தது என்று தோன்றுகின்றது. தடுத்தலும் அழுதலும் தம்மளவிலேயே பெருமை உடையன. அவற்றைப் படம் இன்னும் சற்று நம்பியிருக்கலாம். மூதாட்டியர் கதை கூறும்போது இப்பழிவாங்கலை விரைந்து கடந்து, கனவிலும் இறப்பிலுமே நெடிது நிற்பது ஈண்டு கருதத்தக்கது. அவர்கள் ஏற்பு கண்மூடி ஏற்றல் அன்று, தேர்ந்து ஏற்றல் என்பதற்கு இதுவே சான்றாகும்.

8. முடிவு

இதுகாறும் கூறியவற்றால், வரலாற்றுப் படத்துள் வரும் காதலை மதிப்பிடப் புகுவோர் இரண்டு வினாக்களை வேறுபிரித்து வினவுதல் வேண்டும் என்பது போதரும். இது நிகழ்ந்ததா என்பது ஒரு வினா. அதற்கு ஆவணம் விடை கூறும். இது யார் நினைவில் எவ்வாறு வாழ்ந்தது என்பது மற்றொரு வினா. அதற்குப் பாட்டும் கூத்தும் கேட்டோர் வாய்மொழியுமே விடை கூறும். முதல் வினாவின் விடையைக் கொண்டு இரண்டாம் வினாவை மூடிவிடின் இழப்பு பெரிது. வரி கட்ட மறுத்தவன் பெயர் ஆவணத்தில் உண்டு. அவனுக்காகக் களம் சென்று மடிந்தவனைத் தடுத்து நின்றவள் பாட்டில் மட்டுமே உள்ளாள். இவ்வட்டாரத்தின் நினைவில் நிற்கும் கவர்னகிரிச் சுந்தரலிங்கமும் வடிவும் போன்றோர்க்கும் இதுவே நிலை. ஆவணமே அளவென்று கொள்வோமாயின், எழுத்தில் ஏறாத மகளிரும் எளியோரும் வரலாற்றினின்று இரண்டாம் முறையும் நீங்குவர்.

கட்டபொம்மன் படத்தை அதன் முதல் வெளியீட்டில் கண்டவர்களுள் இன்று எஞ்சியோர் சிலரே. அவர்களுள் கூத்தினையும் கேட்டவர்கள் அதனினும் சிலர். மதிப்புரைகள் நூலகங்களில் உள்ளன, அவற்றை நாளையும் படிக்கலாம். வழிச்செல்வோரின் உரையோ அவர்களோடு போய்விடும். தமிழ்த்துறை மாணாக்கர்கள் ஊர்களுக்குச் சென்று அதனைக் கேட்டு எழுதிவைப்பார்களாயின், ஒரு படத்தின் ஏற்பு வரலாறு மட்டுமன்றி, மூதானந்தத் துறையின் இக்கால இலக்கியமும் நமக்குக் கிட்டும்.